நோய்க்காலமும் பள்ளி நிர்வாகமும்
(வெள்ளி விழாக் கல்வி அரங்கில் ஆற்றிய உரை)



நம் கழகம் சொந்தமாக ஒரு பள்ளி நிறுவ வேண்டும் என்னும் விருப்பத்தை எனக்கு முன் பேசியோர் தெரிவித்தார்கள். அவ்விருப்பம் எனக்கும் உண்டு. ஆயினும், பள்ளி நடத்துவோரின் தகுதியை இடர்க்காலமே அளந்து காட்டும். ஆதலால் கொரோனாக் காலத்தில் நான் கண்டவற்றை எடுத்துரைக்க விழைகிறேன்.

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டன. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் முதல் நாளன்றுதான் மீண்டும் வகுப்புகள் திறந்தன. 2020 ஆம் ஆண்டில் ஒருநாள், கட்டட வேலை செய்யும் தாய் ஒருவர் இரு பிள்ளைகளுடன் என் அறைக்கு வந்தார். "ஐயா, நாலு மாசமா வேலை இல்லீங்க. பாக்கியைக் கட்டினாத்தான் டி.சி. தருவோம்னு சொல்லிட்டாங்க" என்று கூறிக் கண்கலங்கினார். பிள்ளைகள் பயின்றது ஒரு தனியார் பள்ளியில். சான்றிதழ் இன்றியே இருவரையும் சேர்த்துக்கொண்டேன். மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமாவதைக் காட்டிச் சேர்க்கையை மறுத்தல் ஆகாது என்பது 2009 ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் விதி. அதனை வழங்கத் தாமதிக்கும் தலைமையாசிரியர் ஒழுங்கு நடவடிக்கைக்கு உரியவர் என்றும் அச்சட்டம் கூறுகிறது.

சில திங்கள் கழித்து, அதே பள்ளியில் ஆசிரியராயிருந்த என் பழைய மாணவர் வந்தார். முதலில் பாதி ஊதியம். பின்னர் அதுவும் இல்லை. பட்டம் பெற்றவர் காய்கறி விற்றுக்கொண்டிருந்தார். கட்டணம் வரவில்லை என்றது நிர்வாகம். அது முற்றும் பொய்யன்று. ஆனால் முந்திய ஆண்டுகளின் மிச்சம் எங்கே என்று கேட்பதற்கு, முடிவெடுத்த இடத்தில் ஓர் ஆசிரியரோ ஒரு பெற்றோரோ இல்லை.

நீதிமன்றங்கள் நடுவழி காட்டின. 2020 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம், கல்விக் கட்டணத்தில் 40 விழுக்காட்டை ஆகஸ்டு இறுதிக்குள்ளும், 35 விழுக்காட்டைப் பள்ளி திறந்து இரு திங்களுக்குள்ளும் பெறலாம் என்றது. 2021 மே 3 அன்று, இராஜஸ்தான் தனியார் பள்ளிகளின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 15 விழுக்காடு குறைக்கப் பணித்தது. பள்ளி மூடிக் கிடந்தபோது பயன்படாத வசதிகளுக்கான செலவு மிச்சமாயிற்று என்பதே அதன் காரணம். கட்டணம் செலுத்தாத பிள்ளையை வகுப்பிலிருந்து விலக்குதல் ஆகாது என்றும் கூறிற்று. தீர்ப்புகள் நன்று. ஆனால் அதுவரை அந்தத் தாயின் வீட்டு அடுப்பு காத்திருக்குமா?

ஆகவே பள்ளி நிறுவ முனையும் நம் பொறுப்பாளர்களுக்கு மூன்று வேண்டுகோள் வைக்கிறேன். வரவு செலவுக் கணக்கை ஆண்டுதோறும் பெற்றோர்முன் வையுங்கள். ஆசிரியர்களின் மூன்று மாத ஊதியத்தையேனும் தனி நிதியாய் ஒதுக்கி, அதில் கைவைக்காதீர்கள். பிள்ளையின் சான்றிதழை ஒருபோதும் கடனுக்குப் பிணையாக்காதீர்கள்.

தலைமுறை தலைமுறையாய்ப் பள்ளி வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள் நாம். நாம் எழுப்பும் பள்ளியின் வாயிலில், பணமில்லை என்பதற்காக ஒரு குழந்தையும் நிற்றல் கூடாது. அந்தத் தாயின் மூத்த மகள் எங்கள் பள்ளியிலேயே பத்தாம் வகுப்புத் தேறினாள் என்னும் மகிழ்ச்சியைச் சொல்லி அமைகிறேன்.