தம்பி ஏன் தூங்கல?

இன்னைக்கு கொஞ்சம் சொந்தக் கதை.

என் தம்பிக்கு 16 வயசு, ஆட்டிசம் இருக்கு. ராத்திரி ஒரு மணிக்கும் ஹால்ல நடந்துட்டு இருப்பான். "படுடா!"னு எத்தனையோ தடவை கத்தியிருக்கேன். அடம்னுதான் நெனச்சேன்.

அடம் இல்லைங்க. ஆட்டிசம் உள்ள குழந்தைகள்ல பாதிப் பேருக்கு மேல தூக்கச் சிக்கல் இருக்குன்னு பல ஆய்வுகள் சொல்லுது. சிலருக்கு மெலடோனின் சுரக்கறதுலயே வித்தியாசம் இருக்கலாம். நாம கண்டுக்காத சின்னச் சத்தம்கூட அவங்களுக்குப் பெரிய தொந்தரவா இருக்கலாம்.

ரெண்டு வாரம் நோட்டு போட்டேன். எப்ப படுத்தான், எப்ப தூங்கினான், அப்ப வீட்ல என்ன நடந்துச்சு. பார்த்தா, அவன் தூங்காத ராத்திரி எல்லாம் நான் பக்கத்து ரூம்ல கிளையன்ட் கால் பேசின ராத்திரி!

இப்ப கால் எல்லாம் மொட்டை மாடிலதான். பாதி நாள் பதினொன்றரைக்குத் தூங்கிடறான். மீதி நாள் நடக்கறான்; நான் கத்தறதில்லை.

அமெரிக்க நரம்பியல் அகாடமியோட 2020 வழிகாட்டுதலும், வேற உடல்நலக் காரணம் இருக்கான்னு பார்த்துட்டு, முதல்ல படுக்கற பழக்கத்தைச் சரிசெய்யத்தான் சொல்லுது. மெலடோனின் அதுக்கு அப்புறம்தான். அதையும் டாக்டரைக் கேட்காம குடுக்காதீங்க.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.