‘மலடன்’ என்ற சொல் தெருவில் இல்லை

நிலம், கூலி, வன்கொடுமைன்னு பேசுற மேடையில கருத்தரிப்புச் சிகிச்சைக்கு என்ன வேலைன்னு நீங்கள் கேட்கலாம். நம் பெண்களின் உடம்பின்மீது நடக்கிற அரசியல் என்பதால்தான் பேசுகிறேன்.

1975-77 நெருக்கடிநிலையில் ஏழைகளைப் பிடித்துக் கருத்தடை செய்தது அரசு. பெறாதே என்று சொல்ல ஊர்தோறும் ஆள் வைத்தது. பிள்ளைக்கு ஏங்குகிற சேரிப்பெண்ணுக்கு விஷயம் சொல்ல யாரை வைத்தது? தனியார் விளம்பரப் பலகைதான் அவளுக்குப் பாடம் நடத்துகிறது.

வங்கியில் நகைக்கடன் கவுண்டரில் உட்கார்ந்திருக்கிறவள் நான். கம்மலைக் கழற்றி வைக்கிற பெண்ணிடம் எதுக்கும்மான்னு கேட்டால், ‘ஊசி போடணும்க்கா, கொழந்தைக்கு’ என்பாள். அவருக்கு டெஸ்ட் எடுத்தீங்களா? ‘அவருக்கு என்னக்கா கொறை?’

பிள்ளையில்லாத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு ஆண் பக்கமும் காரணம் உண்டு. விந்துப் பரிசோதனைக்கு வலியில்லை, செலவும் குறைவு. ஆனாலும் ஊசியெல்லாம் அவளுக்கு, கடைசியில்தான் அவன். ‘மலடன்’ என்ற சொல் அகராதியில் இருக்கிறது, தெருவில் இல்லை.

இன்னொன்று. இனப்பெருக்க உறுப்புகளைத் தாக்கும் காசநோய் கருக்குழாயை அடைத்துவிடும். காற்றில்லாத நெருக்கடி வீடும் சத்தில்லாத சோறும் வளர்க்கிற நோய் அது. இதை விதின்னு சொல்றதா, சாதின்னு சொல்றதா?

சந்தையின் மறுமுனையைப் பாருங்கள். 2022இல் ஈரோட்டில் 16 வயதுச் சிறுமியின் கருமுட்டையை, போலி ஆதார் காட்டித் திரும்பத் திரும்ப விற்றது அம்பலமானது. 2021ஆம் ஆண்டுச் சட்டமோ, கொடுப்பவருக்கு வயது 23 முதல் 35, வாழ்நாளில் ஒரேமுறை, 7 முட்டைக்கு மேல் எடுக்கக்கூடாது என்கிறது. சட்டம் தெரிந்தவர் எத்தனை பேர்? சிகிச்சை வாங்கக் காசில்லாதவளிடம் விற்க உடம்பு இருக்கிறது. வாங்க வருகிறவர்களில் அதற்கும் சாதி கேட்பவர்கள் உண்டு!

1938இல் பம்பாய் சட்டமன்றத்தில் கருத்தடை வசதிக்காகத் தீர்மானம் கொண்டுவந்தது அம்பேத்கர் தரப்பு. பெறாமலிருக்கும் உரிமையும் பெறும் உரிமையும் ஒன்றுதான். பிள்ளையே வேண்டாம் என்கிறவளும் முழு மனுஷிதான்.

ஆகவே கேட்போம்: மாவட்டந்தோறும் அரசு மருத்துவமனையில் இலவசச் சிகிச்சை. இருவருக்கும் ஒரேநாளில் பரிசோதனை. மாணவத் தோழர்களே, அந்தச் சட்டத்தை எளிய தமிழில் துண்டறிக்கையாக்கிச் சேரிக்குள் கொண்டுபோங்கள். பெண்களிடம் மட்டுமல்ல, முதலில் ஆண்களிடம் கொடுங்கள்.