ஒளியும் உள்ளமும்

கடல் கடந்து குளிர்நாடுகளில் வாழும் நம் உறவினர் சிலர், அண்மைக் காலத்தில் ஒரு புதுவகை விளக்கைப் பற்றிப் பேசக் கேட்கிறோம். அது படிப்பதற்குரிய விளக்கன்று, பூசைக்குரியதுமன்று. மனச்சோர்வு நீங்கும்பொருட்டு அவர்கள் காலைதோறும் அதன் முன்னே அமர்கின்றனர். விளக்கு மனத்துக்கு மருந்தாகுமோ என்று நாம் வியக்கலாம். மும்பையில் வாழும் தமிழராகிய நமக்கு அதனால் பயனுண்டா என்பதையும் ஆராய்தல் நலம்.

லண்டன் மாநகரில் டிசம்பர் திங்களில் பகற்பொழுது ஏறத்தாழ 8 மணி நேரமே. இருளில் வேலைக்குச் சென்று இருளில் வீடு திரும்புவோர் அங்கே பலர். அத்தகைய நாடுகளில் சிலருக்கு ஆண்டுதோறும் குளிர்காலத்தில் உள்ளம் சோர்கிறது; உறக்கம் மிகுகிறது; எதிலும் நாட்டம் குன்றுகிறது; இளவேனில் வந்ததும் அச்சோர்வு தானே அகல்கிறது. 1984-ஆம் ஆண்டு அமெரிக்காவில் நார்மன் ரோசந்தால் என்னும் மருத்துவரும் அவர் துணைவரும் இத்தகைய 29 பேரை ஆராய்ந்து, இதற்குப் பருவகால மனச்சோர்வு என்று பொருள்படும் பெயரிட்டனர். மிகுந்த ஒளி இதற்கு மருந்தாகக்கூடும் என்றும் காட்டினர்.

இதன் காரணம் யாது? நம் விழித்திரையில் பார்வைக்கென அமைந்த உயிரணுக்களேயன்றி, ஒளியின் மிகுதி குறைவை மூளைக்கு அறிவிக்கும் வேறு சில உயிரணுக்களும் உள்ளன. அச்செய்தியைக் கொண்டே மூளையிலுள்ள கடிகாரம் பகலென்றும் இரவென்றும் உணர்கிறது. இரவில் சுரக்கும் மெலட்டோனின் என்னும் பொருளை விடியலில் அடக்குகிறது. காலையில் ஒளி போதாவிடில் இக்கடிகாரம் தடுமாறுகிறது. ஆகவே 10,000 லக்ஸ் அளவு ஒளி தரும் விளக்கின் முன் காலையில் அரைமணி நேரம் அமரச் செய்கின்றனர். விளக்கை உற்று நோக்க வேண்டுவதில்லை. கண் திறந்திருந்தால் போதும்.

மும்பையில் இந்நிலை இல்லை. மிகக் குறுகிய பகலும் இங்கே ஏறத்தாழ 11 மணி நேரம் நீடிக்கிறது. நமக்கு இருள் சூழும் பருவம் மார்கழியன்று. ஜூன் முதல் செப்டம்பர் வரை பெய்யும் மழைக்காலமே. அப்போது வானம் நாட்கணக்கில் மூடிக் கிடக்கும். தாராவியின் ஒடுங்கிய சந்துகளில் கூரைமேல் தார்ப்பாய் விரித்துவிட்டால், நண்பகலிலும் விளக்கின்றி ஊசியில் நூல் கோக்க இயலாது. அங்கே ஒரே அறையில் தைத்தும் சமைத்தும் உறங்கியும் வாழும் பெண்கள் பகலொளியைக் காணாமலே நாளைக் கழிக்க நேர்கிறது. அவர்களுடைய சோர்வைச் சோம்பல் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அது முறையன்று.

இங்கே ஒரு கணக்கைக் கேளுங்கள். விளக்கெரியும் சாதாரண அறையில் ஒளி சில நூறு லக்ஸுக்கு மேல் இராது. வெளியிலோ, கருமேகம் மிகத் திரண்டாலன்றி, மேகமூட்ட நாளிலும் அது ஆயிரக்கணக்கில் இருக்கும். தெளிந்த வெயிலில் ஒரு லட்சத்தையும் எட்டும். குளிர்நாட்டார் விலை கொடுத்து வாங்கும் ஒளியை நமக்குக் கதிரவன் விலையின்றி வழங்குகிறான்! மழை ஓய்ந்த காலை வேளையில் மாதுங்காவினர் ஐந்து தோட்டங்களிலும், செம்பூரினர் டயமண்டு பூங்காவிலும் அரைமணி நேரம் உலாவலாம். தாராவியினர் வீட்டு வாயிலிலோ மாடியிலோ அமர்ந்து காய்கறி நறுக்கினாலும் நன்று. கதிரவனை நேரே நோக்குதல் மட்டும் ஆகாது.

விளக்கே வேண்டும் என்போர் மருத்துவரைக் கேளாமல் வாங்குதல் தகாது. கண்ணோய் உடையோர்க்கும், சில மருந்துகளை உண்போர்க்கும் அது தீங்கு செய்யலாம். எழுச்சியும் சோர்வும் மாறிமாறி வரும் மனநோய் உடையோர்க்கு அது எழுச்சியை மிகுவிக்கவும் கூடும்.

ஒளியைப் பெறுதல் தனி மனிதர் முயற்சியால் மட்டும் முடிவதன்று. செம்பூரை அடுத்த கோவண்டி, மான்கூர்டுப் பகுதிகளின் மறுவாழ்வுக் குடியிருப்புகளில் நடந்து 2018-இல் வெளியான ஆய்வொன்று, கட்டடங்கள் நெருங்கி நின்று வெயிலும் காற்றும் புகாத இடங்களில் காசநோய் மிகுந்திருந்ததைக் காட்டியது. நம் பழைய கட்டடங்களை இடித்துப் புதியன எழுப்பும் திட்டம் வரும்போது, அறை எத்தனை சதுர அடி என்று கேட்பதோடு நில்லாமல், அடுத்த கட்டடம் எத்தனை அடி தள்ளி நிற்கும், சன்னல் எத்திசை நோக்கும் என்றும் கேளுங்கள்.

இறுதியாக ஒன்று. ஊரைப் பிரிந்த ஏக்கமும், கடனும், வேலையின்மையும் தரும் துயரை வெயில் மட்டும் உலர்த்திவிடாது. சோர்வு இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலும், வாழ்வே வேண்டா என்னும் எண்ணம் ஒரு முறையேனும் எழுந்தாலும் காலம் தாழ்த்தற்க. சயான் மருத்துவமனை போன்ற நகராட்சி மருத்துவமனைகளில் மனநல மருத்துவர் உளர். 2022-ஆம் ஆண்டு மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையின் 14416 என்னும் எண்ணை அழைத்தால் கட்டணமின்றித் தமிழிலும் பேசலாம். அயலூரில் நம் துயரை நம் மொழியில் கேட்க ஒருவர் இருப்பதும் ஒருவகை ஒளியே அன்றோ?