தனிமையில் பிறந்த தொண்டு
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



ஹூக்ளி நதிக்கரையில் அமைந்த இக்கொல்கத்தா மாநகரில் வாழும் தமிழ்க் குடும்பத்தினராகிய நாம், ஆண்டுதோறும் இவ்வாறு கூடி மகிழ்கின்றோம். இசை கேட்கின்றோம், நாடகம் காண்கின்றோம், ஒரே பந்தியில் அமர்ந்து உண்கின்றோம். இந்நன்னாளில், இதே நகரில் நூறாண்டுகளுக்கு மேலாகக் கூடிவரும் வேறொரு வகைக் கூட்டத்தைப் பற்றிச் சில சொற்கள் கூற விழைகின்றோம். ரோட்டரி, லயன்ஸ் முதலிய பெயர்களால் வழங்கும் தொண்டு மன்றங்களையே குறிப்பிடுகின்றோம். அவை நமக்கு அயலானவை அல்ல. அவற்றின் தோற்றத்தை ஆராய்ந்தால், நம் சங்கம் பிறந்த அதே தேவையிலிருந்து அவையும் பிறந்தன என்பது புலனாகும்.

பால் ஹாரிஸ் என்பவர் அமெரிக்க நாட்டில் வெர்மாண்ட் பகுதியின் சிற்றூர் ஒன்றில் வளர்ந்தவர். வழக்கறிஞர் தொழிலை நாடிச் சிகாகோ என்னும் பெருநகருக்கு வந்தார். தொழில் அமைந்தது, ஆனால் ஊர்ப்புறத்தில் கண்ட உறவும் நட்பும் அங்கே கிட்டவில்லை. அத்தனிமையைப் போக்கிக்கொள்ளும் பொருட்டு, 1905ஆம் ஆண்டு பிப்ரவரி 23ஆம் நாள் மாலை, வெவ்வேறு தொழில் புரியும் நண்பர் மூவருடன் கூடிப் பேசினார். அதன்பின் ஒவ்வொரு முறையும் ஒவ்வோர் உறுப்பினரின் பணியிடத்திலே முறைவைத்துக் கூடினர். இவ்வாறு சுழன்று வந்தமையால் ‘ரோட்டரி’ என்னும் பெயர் அமைந்தது. பிழைப்பை நாடி வந்த ஊரிலே மனம் விட்டுப் பேச நான்கு பேரைத் தேடிய ஒருவரின் ஏக்கமே இவ்வியக்கத்தின் வித்து. அவ்வேக்கம் எத்தகையது என்பதை நமக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை!

ஆயின், அவர்கள் தம் நட்போடு நின்றுவிடவில்லை என்பதே நாம் கருதத்தக்கது. 1907ஆம் ஆண்டிலேயே, சிகாகோ நகர மக்களுக்குப் பொதுக் கழிப்பிடம் வேண்டும் என்று முனைந்து பாடுபட்டனர். அவர்களுடைய முதற் பொதுப்பணி பளிங்கு மண்டபமன்று. வழிப்போக்கனும் தொழிலாளியும் அன்றாடம் படும் இடர் ஒன்றை நீக்கும் எளிய செயலே ஆகும். தமக்காகக் கூடியவர்கள் தாம் வந்து சேர்ந்த ஊருக்காகவும் உழைக்கத் தொடங்கிய நாள் அதுவாகும்.

இம்மன்றம் இந்தியாவில் முதன்முதல் கால்கொண்ட இடம் நம் கொல்கத்தாவே. 1919ஆம் ஆண்டு இங்கே ரோட்டரி மன்றம் நிறுவப்பெற்றது. 1962-63ஆம் ஆண்டில் அனைத்துலக ரோட்டரியின் தலைமைப் பொறுப்பை ஏற்ற நிதீஷ் லஹரியும் இந்நகரத்தவரே. அப்பதவியில் அமர்ந்த முதல் ஆசியர் அவர். லயன்ஸ் இயக்கமோ 1956ஆம் ஆண்டில் பம்பாயில் தொடங்கி நாடெங்கும் பரவியது.

இம்மன்றங்களின் கூட்டமுறையில் சில நல்லொழுங்குகள் உள்ளன. குறித்த நாளில் குறித்த நேரத்தில் தலைவர் மணியடித்துக் கூட்டத்தைத் தொடங்குவார். உடனிருந்து உண்பர், ஒரு பேச்சாளரின் உரை கேட்பர், நடைபெறும் பணிகளுக்குக் கணக்குக் கூறுவர். ரோட்டரியில் ஆண்டுதோறும் ஜூலை முதல் நாள் தலைவர் மாறுவார். எத்துணைத் திறமை உடையவராயினும் ஓராண்டு முடிந்ததும் பொறுப்பை அடுத்தவரிடம் ஒப்படைத்து, உறுப்பினருள் ஒருவராக அமர்தல் வேண்டும். பதவி ஒருவரிடமே தங்கிவிடாதபோது, பணி பலரிடம் பரவுகின்றது. நெடுங்காலம் ஆடவர்க்கு மட்டுமே திறந்திருந்த இம்மன்றத்தின் வாயில், 1989ஆம் ஆண்டில் உலகெங்கும் பெண்டிர்க்கும் திறக்கப்பெற்றது. அந்த வகையில், குடும்பமாகக் கூடும் நம் சங்கங்கள் அவர்களுக்கு முன்னோடி என்று நாம் பெருமை கொள்ளலாம்.

இனி, அவர்கள் ஆற்றிய பணிகளுள் ஒன்றைக் காண்போம். 1985ஆம் ஆண்டில் ரோட்டரியினர் இளம்பிள்ளை வாதத்தை உலகினின்றே ஒழிக்கும் பணியை மேற்கொண்டனர். 1988ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் முதலியவற்றோடு கைகோத்தனர். அவ்வாண்டில் உலகில் ஏறத்தாழ 3,50,000 குழந்தைகள் அந்நோயால் முடங்கினர் எனக் கணக்கிடப்பட்டுள்ளது. நம் நாட்டில் 1995ஆம் ஆண்டு முதல் நாடு தழுவிய சொட்டு மருந்து நாட்கள் நடைபெற்றன. பனிக்கட்டி இட்ட பெட்டியைத் தோளில் சுமந்து தொண்டர்கள் வீடு வீடாகச் சென்றனர். மருந்து பெற்ற குழந்தையின் சுண்டுவிரலில் மை இட்டனர். எல்லாக் குழந்தைகளும் மருந்து பெற்ற வீட்டின் கதவில் ஒரு குறியும், விடுபட்ட வீட்டின் கதவில் வேறொரு குறியும் எழுதி, விடுபட்ட வீட்டிற்கு மீண்டும் சென்றனர். ஐயுற்றுக் கதவடைத்தோரும் இருந்தனர். அவர்களைக் கடிந்துகொள்ளாமல், அப்பகுதிப் பெரியோர்களையும் சமயத் தலைவர்களையும் கொண்டு பேசச் செய்தனர்.

2009ஆம் ஆண்டில் இந்தியாவில் 741 பேரைத் தாக்கிய அந்நோய், 2010இல் 42 பேரைத் தாக்கியது. 2011ஆம் ஆண்டில் ஒரே ஒரு குழந்தை! நம் நதியின் மறுகரையில் உள்ள ஹவுரா மாவட்டத்துப் பெண் குழந்தை அவள். அவளுக்குப் பின் இயற்கையான போலியோ கிருமியால் நம் நாட்டில் ஒரு குழந்தையும் முடங்கவில்லை. 2014ஆம் ஆண்டு மார்ச் 27ஆம் நாள் நம் நாட்டை உள்ளடக்கிய தென்கிழக்கு ஆசியப் பகுதி அந்நோய் நீங்கியதெனச் சான்று பெற்றது. அரசும் மருத்துவரும் எண்ணற்ற பெண் ஊழியரும் சேர்ந்து ஈட்டிய வெற்றி இது. அதில் தொண்டு மன்றங்களின் பங்கும் சிறிதன்று.

வள்ளுவர் பெருமான் ஈகைக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். அதற்கு முன்னரே ஒப்புரவறிதலுக்குத் தனி அதிகாரம் வகுத்தார். இரப்பவர்க்கு ஈவது ஈகை. ஊருக்கும் உலகத்துக்கும் பயன்பட வாழ்வது ஒப்புரவு. இரண்டையும் துறவியர்க்கு உரைக்காமல் இல்லறவியலில் வைத்தார் என்பதும் நோக்கத்தக்கது. ஆதலின் ஒப்புரவு குடும்பத்தார்க்குரிய கடமை. காலனியில் வாழும் நம் போன்றோர்க்கு உரிய கடமை.

அக்கடமையைத் தொடங்குவதற்குப் பெரும்பொருள் வேண்டுமோ எனின், வேண்டா. 1925ஆம் ஆண்டில் லயன்ஸ் மாநாட்டில் பேசிய ஹெலன் கெல்லர் அம்மையார், பார்வையற்றோர்க்குத் துணைநிற்குமாறு அவர்களை வேண்டினார். அன்று முதல் கண்ணொளிப் பணி அவர்களுடைய தலையாய பணியாயிற்று. அப்பணியில் நாமும் பங்குகொள்ள இயலும். அதுவே கண் தானம்.

இறந்தவரின் கருவிழியைச் சுமார் ஆறு மணி நேரத்திற்குள் எடுத்தல் வேண்டும். அது இருவருக்குப் பார்வை தரவல்லது. முதுமை தடையன்று, கண்ணாடி அணிந்தமையும், கண்புரை அறுவை செய்துகொண்டமையும், நீரிழிவும் தடையல்ல. இறந்தவரின் இமைகளை மூடி, ஈரப் பஞ்சை அவற்றின்மேல் இட்டு, மின்விசிறியை நிறுத்தி, தலையைச் சற்றே உயர்த்தி வைத்து, கண் வங்கிக்குச் செய்தி அனுப்பினால் போதும். முகம் சிதைவதில்லை, ஈமச் சடங்குகளுக்கும் இடையூறில்லை.

உறுதிப் படிவத்தில் ஒப்பமிடுதல் எளிது. ஆனால் அத்துயர வேளையில் இசைவு அளிக்க வேண்டியவர்கள் வீட்டார் அல்லரோ? ஊரிலிருந்து உறவினர் வந்து சேர்வதற்குள் அந்த ஆறு மணி நேரம் கடந்துவிடும். ஆதலின், தாய் தந்தையர் தம் விருப்பத்தை மக்களிடம் இன்றே கூறி வைத்தல் வேண்டும். அந்நேரத்தில் செய்தி சொல்லவும், உடனிருந்து உதவவும், காலனிக்கு இருவராக நம் சங்க இளைஞர் முன்வருதல் வேண்டும்.

இந்நகரம் நமக்குத் தொழில் தந்தது. நம் மக்களுக்குக் கல்வி தந்தது. நம்முள் ஒருவர் மறைந்தபின், அவர் கண்ணால் இந்நகரத்துப் பிள்ளை ஒன்று தன் தாயின் முகத்தைக் காணுமாயின், அதனினும் சிறந்த கைம்மாறு யாது? அப்படிவங்கள் வாயிலருகே மேசைமீது வைக்கப்பட்டுள்ளன. விருந்துக்குச் செல்லுமுன் குடும்பத்தோடு கலந்து பேசி முடிவு செய்யுமாறு வேண்டி, இவ்வுரையை நிறைவு செய்கின்றோம்.