பிரௌன் பயின்ற தெலுங்கு
(பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் பகுதி)



பிறமொழி பயில்வோர் படும் பாட்டை எண்ணுந்தோறும் என் நினைவில் முந்தி நிற்பவர் சி. பி. பிரௌன். 1798இல் கல்கத்தாவில் பிறந்த அவ்வாங்கிலேயர், சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியில் தெலுங்கு பயின்று, 1820இல் கடப்பைக்குப் பணியேற்றுச் சென்றார். கல்லூரியிற் கற்றது ஏட்டுத் தெலுங்கு. கடப்பையிற் கேட்டதோ குடியானவர் தெலுங்கு.

‘நாம்’ என்பதற்கு ‘மனமு’, ‘நாங்கள்’ என்பதற்கு ‘மேமு’. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். நமக்கு இதில் இடர்ப்பாடில்லை. ஆனால் ‘வச்சிந்தி’ என்றால் வந்தவள் பெண்ணா, வந்தது மாடா என நாமும் விழிக்கத்தான் வேண்டும்! ஒருமையில் இரண்டுக்கும் அம்மொழியில் வினைமுற்று ஒன்றே. சாட்சி கூறுவதை நீதிபதி பிழைபட உணர்ந்தால் ஏழைக் குடியானவனின் நிலம் கைமாறிவிடுமே. இது வெறும் இலக்கண விளையாட்டன்று.

கச்சேரித் தெலுங்கிலோ பாரசீகமும் இந்துஸ்தானியும் கலந்திருந்தன. கொச்சையென்று அவற்றைத் தள்ளிவிடுதல் எளிது. பிரௌன் தள்ளவில்லை. 1852இல் தெலுங்கு–ஆங்கில அகராதியை வெளியிட்டவர், 1854இல் அக்கலப்புச் சொற்களுக்கென்றே தனி அகராதி ஒன்றும் தந்தார். பேச்சுவழக்கைப் பயில உரையாடல் நூலும் இயற்றினார். எளிய சொல்லாலான வேமனர் பாடல்களை ஆங்கில மொழிபெயர்ப்புடன் 1829இல் அச்சேற்றியவரும் அவரே. அப்பணி ஒன்றிற்காகவே அவரை வணங்கலாம் என்பேன்.

1855இல் தாயகம் திரும்பியவர், பின்னாளில் இலண்டனில் தெலுங்குப் பேராசிரியராக அமர்ந்தார். கடப்பையில் அவர் குடியிருந்த மனையிடத்தில் இன்று அவர் பெயரால் ஒரு நூலகம் நடைபெறுகின்றது.