விதையின் முதல் தாகம்

நீலகிரி என்றதும் மழையும் மூடுபனியுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் மலை முழுவதும் ஒரே அளவாக மழை பெய்வதில்லை. தென்மேற்குப் பருவமழை மேற்கே தேவாலா, கூடலூர்ப் பக்கம் கொட்டித் தீர்க்கிறது. மலையின் மறைவிலுள்ள மசினகுடிக்கு மிச்சம் சொச்சமே கிட்டுகிறது. உதகை, குன்னூரிலும் ஜனவரி முதல் மார்ச் வரை வறண்ட காலந்தான். பிறகு வரும் கோடை மழையை நம்பி ஒரு முறை நான் பீன்ஸ் விதைத்தேன். ஒரே மழையோடு வானம் வெளுத்துவிட்டது. இரண்டு வாரம் கழித்து மண்ணைக் கிளறினால், முளை விட்ட விதைகள் கருகிக் கிடந்தன. டப்பாவில் மீந்திருந்த விதைகளோ, சொட்டு நீரின்றியும் நலமாயிருந்தன!

இது புதிரன்று. உலர்ந்த விதை மாதக்கணக்கில் வறட்சியைத் தாங்கும். நீர் உறிஞ்சி முளைவேர் வெளிவந்தபின் அந்த ஆற்றல் போய்விடுகிறது. பிறகு உலர்ந்தால் மீட்சியில்லை. அவரைக் குடும்பத்திற்குத் தாகமும் அதிகம். மக்காச்சோள விதை முளைக்க அதனுள் ஏறத்தாழ 30 விழுக்காடு ஈரம் போதும். சோயா விதைக்கு 50 விழுக்காடு வேண்டும். அதிலுள்ள மிகுந்த புரதமே நீரை அவ்வளவு இழுக்கிறது.

எந்த இரகம் குறைந்த ஈரத்திலும் முளைக்கும் என்று எப்படி அறிவது? ஆய்வுக்கூடத்தில் பாலிஎத்திலீன் கிளைக்கால் என்னும் பொருளை நீரில் கரைத்து, அதில் விதைகளை வைக்கிறார்கள். அந்தக் கரைசல் நீரை எளிதில் விடாது. விதைக்கு அது வறண்ட மண் போலவே தோன்றும். உப்பைக் கரைத்தால் ஆகாதோ என்று நீங்கள் கேட்கலாம். உப்பு விதைக்குள் புகுந்து நஞ்சாகும். இதன் பெரிய மூலக்கூறுகள் உள்ளே எளிதில் நுழைவதில்லை. முளைத்தவை எத்தனை, வேரின் நீளம் எவ்வளவு என்று அளந்து இரகங்களை ஒப்பிடுகிறார்கள். எனினும், தட்டில் வென்ற இரகம் பூக்கும் பருவத்து வறட்சியிலும் வெல்லும் என்பதற்கு உறுதியில்லை. வயலில் பார்த்தே நம்ப வேண்டும் என்பது என் கருத்து.

நம் நாட்டுப் பயறுகளில் வறட்சிக்குப் பேர்போனது கொள்ளு. கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பையூர் ஆராய்ச்சி நிலையம் பையூர் 1, பையூர் 2 என்னும் கொள்ளு இரகங்களை அளித்திருக்கிறது. விதையைக் கடினப்படுத்தும் முறையும் உண்டு: பயறு விதைகளைச் சில மணி நேரம் ஊறவைத்து, நிழலில் பழைய எடைக்கு உலர்த்தி விதைப்பார்கள். மாணவர்கள் வீட்டிலேயே இதைச் செய்து பார்க்கலாம். ஆனால் இரவு முழுதும் ஊறவைத்து மறந்துவிடாதீர்கள். முளை தலைகாட்டியபின் உலர்த்தினால், என் பீன்ஸுக்கு நேர்ந்ததே அதற்கும் நேரும்.