போனவர்களையும் கணக்கில் எடுப்போம்

(தோட்டக் கமிட்டித் தலைவர், தலைவியர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் பாட்டன்மார் கண்டிச் சீமைக்குக் கடனோடுதான் வந்தார்கள். கங்காணி கொடுத்த முன்பணம் துண்டில் ஏறியது. அது தீராமல் வேறு தோட்டம் போக முடியாது. 1921இல்தான் அந்தத் துண்டு முறை ஒழிந்தது. 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், நம்மைக் கேளாமலே, 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று முடிவு செய்தது. வருவதும் போவதும் நமக்குப் புதிதல்ல. ஆனால் இன்று குடும்பமே கிளம்புவதில்லை. பிள்ளை போகிறான், வீடு லயத்திலேயே இருக்கிறது.

நுவரெலியா மாவட்டத்து லயங்களைப் பாருங்கள். மகன் கொழும்பில் கடையில், மகள் ஆடைத் தொழிற்சாலையில். இன்னொரு வீட்டில் தாய் குவைத்தில், பிள்ளைகள் பாட்டியிடம். மாதம் பிறந்தால் வரும் அந்தக் காசில்தான் அடகு நகையை மீட்கிறோம், டியூஷனுக்குக் கட்டுகிறோம், ஒழுகும் தகரத்தை மாற்றுகிறோம். தோட்டம் மாற்றித் தரவேண்டிய தகரம் அது!

ஏன் போகிறார்கள்? 2024இல் நாட்சம்பளம் 1350 ரூபாவானது. ஆனால் நிறை குறைந்தால் அரைப்பேர்தானே? இது கொழுந்து பறிக்கும் தாய்மாருக்கு நாம் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

இப்போது சில தோட்டங்களில், "செக்ரோலில் பேருள்ளவர் வீட்டில் இல்லை, காம்பராவை விடு" என்கிறார்கள். ஆயுள் முழுக்கக் கொழுந்து பறித்து ஓய்ந்த தாயிடம் இதைச் சொல்கிறார்கள். சம்பளம் கேட்டாலோ, "உங்களுக்கு வெளிக்காசு வருகிறதே" என்ற பேச்சு. மகன் அனுப்பும் காசு அவர்கள் கணக்கில் வருகிறது, மகன் மட்டும் வருவதில்லை. அதனால்தான் தனிவீட்டுத் திட்டத்தில் பேசப்பட்ட 7 பேர்ச் காணியின் உறுதியைக் குடும்பத்தின் பேரில் கேட்கிறோம். யார் வேலைக்குப் போகிறார், யார் போகவில்லை என்பது அதற்குக் குறுக்கே வரக்கூடாது.

போன பிள்ளைகளின் நிலையும் நல்லதாக இல்லை. தோட்டத்தில் சேமலாப நிதிக்கு நம்மிடம் 8 வீதம் வெட்டுகிறார்கள், முதலாளி 12 வீதம் போடவேண்டும், நம்பிக்கை நிதிக்கு இன்னும் 3 வீதம். கடையில், ஹோட்டலில் வேலை செய்பவருக்கும் இதே சட்டம்தான். ஆனால் நியமனக் கடிதம்கூட இல்லாமல் வருடக்கணக்கில் நிற்கும் பிள்ளைகள் எத்தனை பேர்! சங்கத்தில் சந்தா இல்லை என்று நாமும் அவர்களை விட்டுவிடலாமா?

ஆகவே ஒவ்வொரு கமிட்டியும் ஒரு கொப்பி போடுங்கள். யார் எங்கே வேலை, எத்தனை வருடம், சேமலாப நிதி இலக்கம் உண்டா என்று வீடுவீடாக எழுதுங்கள். இலக்கம் இல்லாதவர்களுக்காகத் தொழில் திணைக்களத்தில் முறைப்பாடு எழுத நாம் உதவுவோம். கிராம சேவகர் வாக்காளர் இடாப்புக்கு விவரம் எடுக்க வரும்போது பேர் விடுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தீபாவளிக்குப் பிள்ளைகள் எல்லோரும் வருவார்கள். அதற்கு முன் கொப்பி தயாராக இருக்கட்டும்.